ஒரு பெயர், பல புலவர்: ஔவையார் பாடல்களும் பெயரொப்புமைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரே பெயரில் பல புலவர்கள் வழங்கப்பெறுகின்றனர். அவர்களுள் ஔவையார் பெயரே மிகுந்த சிக்கலுக்கு இடமானது. ஔவையார் எத்தனை பேர் என்னும் வினாவை முன்வைத்து எண்ணிக்கையை வரையறுக்கும் முயற்சிகள் நெடுங்காலமாக நிகழ்ந்துள்ளன. பெயரும் கதைமரபும் இவ்வினாவுக்கு உறுதியான விடை தரா. ஒவ்வொரு நூல்தொகுதியும் தன்னுள் சுட்டும் இலக்கியச் சூழலே நம்பத்தகுந்த அளவுகோலாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஔவையார், பெயரொப்புமை, சங்க இலக்கியம், நீதிநூல், கபிலர் அகவல், நக்கீரர்

முன்னுரை

ஒருபெயர் கொண்ட புலவர்களை வேறுபடுத்திக் காணவேண்டிய தேவையைச் சங்கத் தொகைநூல்களே உணர்ந்திருந்தன. கபிலரினின்று தொல்கபிலரும், பரணரினின்று வன்பரணரும் அடைமொழியால் பிரித்துக் காட்டப்பெற்றனர். நக்கீரர், மதுரைக் கணக்காயனார் மகனார் எனத் தந்தையின் தொழிலாலும் ஊராலும் அடையாளம் பெற்றார். பிற்காலத்தில் இந்த எச்சரிக்கை தளர்ந்தது. பெயர் ஒன்றாயின் ஆளும் ஒன்றே எனக் கொள்ளும் போக்கு வலுப்பெற்றது. அப்போக்கிற்கு எதிராக எழுந்த இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகள் புலவர்களைக் காலவாரியாகப் பிரித்தன; முதலாம் ஔவை, இரண்டாம் ஔவை என எண்ணிடும் வழக்கமும் தோன்றியது. இணைப்பதிலும் எண்ணிடுவதிலும் உள்ள இடர்ப்பாடுகளை ஔவையார் பாடல்களை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரின் இயல்பு

கபிலர், நக்கீரர் என்பன இயற்பெயர்கள். ஔவை என்பது தாய், மூதாட்டி என்னும் பொருளுடைய உறவுமுறைச் சொல். ஆர் விகுதி சேர்ந்து ஔவையார் என உயர்வு பெற்றது. தெலுங்கில் அவ்வ என்பது பாட்டியையும், கன்னடத்தில் அதே சொல் தாயையும் குறிப்பது இதன் இனமொழி உறவைக் காட்டும். தென்மாவட்டங்களில் பெண்கள் ஆண்களை விலக்கிச் செவ்வாய்க்கிழமைகளில் நோற்கும் நோன்பு ஔவையார் நோன்பு என்றே வழங்கப்படுகிறது.

ஆகவே ஔவையார் என்னும் பெயரின் ஒப்புமையைக் கபிலர் என்னும் பெயரின் ஒப்புமையோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது. இரு நூல்களின் ஆசிரியர் கபிலர் எனப்படின், ஒருவரோ இருவரோ என ஐயுறுதற்கு இடமுண்டு. இரு நூல்களின் ஆசிரியர் ஔவை எனப்படின், இருவரும் மதிப்பிற்குரிய பெண்ணாகக் கருதப்பட்டனர் என்பதற்கு மேல் அப்பெயர் எதனையும் உறுதிப்படுத்துவதில்லை. இப்பெயரைத் தாங்கிய நூலை ஆண் ஒருவர் இயற்றியிருக்கவும் கூடும். பெயரே சான்றாகாத இடத்தில் எண்ணிக்கை பற்றிய வினா உறுதியான அடித்தளமின்றி நிற்கிறது.

சங்க ஔவையார் காட்டும் உலகம்

சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என அவை அமைந்துள்ளன. சங்கப் பெண்பாற் புலவருள் மிகுதியான பாடல்களைப் பாடியவர் இவரே. இந்நான்கு தொகைகளிலும் இவர் பெயர் அடைமொழியின்றியே வருகிறது. ஒருபெயர்ப் புலவர்களை வேறுபடுத்தும் வழக்கத்தைக் கொண்டிருந்த தொகுப்பாளர்கள் இவருக்கு அடைமொழி தராமை, அவர்கள் அறிந்த ஔவையார் ஒருவரே என்பதற்குச் சார்பான குறிப்பாகும்.

அகச்சான்றும் இதனை வலியுறுத்துகிறது. புறப்பாடல்களின் பெரும்பகுதி அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் சூழ்ந்து அமைகிறது. அகப்பாடலாகிய குறுந்தொகை 91 அதே அஞ்சியின் போர்முனையை உவமையாகக் கொள்கிறது. அகமும் புறமும் ஒரே புரவலனால் இணைக்கப்படுவது பெயரொப்புமையினும் வலிய சான்றாகும்.

இப்புலவர் தம் காலத்துப் பிற புலவர்களைச் சுட்டும் இரு இடங்கள் தனிக்கவனத்திற்குரியன. அதியமானின் கோவலூர் வெற்றியைப் பரணர் பாடியதைப் புறநானூறு 99 குறிப்பிடுகிறது. அகநானூறு 147இல் பிரிவால் வருந்தும் தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் தலைவனைத் தேடிச் செல்ல விழைகிறாள். பெண்பாற் புலவர் ஒருவர் மற்றொரு பெண்பாற் புலவரின் அனுபவத்தைத் தம் கவிதைக்குள் முன்மாதிரியாகக் கொள்வது, சங்கப் பெண்பாற் புலவர்களிடையே இருந்த இலக்கியத் தொடர்ச்சியை அறிய உதவும் அரிய சான்றாகும்.

இவர் முதியவர் என்பதற்கும் சங்கப் பாடல்களில் தெளிவான ஆதாரமில்லை. புறநானூறு 89இல் பகைவேந்தன் பாடுவோரை விறலி என விளித்து, அணிகலன்களையும் மையுண்ட கண்களையும் ஒளிபொருந்திய நெற்றியையும் சுட்டி, உம் நாட்டில் போரிடுவார் உளரோ என வினவுகிறான். பாடலில் பேசும் விறலியைப் புலவரோடு முழுமையாக ஒன்றாக்குதல் கூடாது. எனினும் கோலூன்றிய மூதாட்டியின் சாயல் அதில் இல்லை. உறங்கும் ஊரை முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ எனக் காமநோயால் கொதிக்கும் குறுந்தொகை 28ஆம் பாடலின் குரலும் அறிவுரை கூறும் பாட்டியின் குரலன்று.

நீதிநூல் ஔவையார் காட்டும் உலகம்

ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நான்கும் ஔவையார் இயற்றியனவாக வழங்கும் நீதிநூல்கள். மூதுரையும் நல்வழியும் விநாயகர் வணக்கத்துடன் தொடங்குகின்றன. விநாயகர் வழிபாடு சங்கப் பாடல்களில் காணப்பெறாத ஒன்று. இவ்வேறுபாட்டினும் தெளிவான சான்று நல்வழியின் இறுதி வெண்பாவில் உள்ளது. திருக்குறளும் நான்மறை முடிவும் மூவர் தமிழும் திருக்கோவையும் திருவாசகமும் திருமூலர் சொல்லும் ஒரே கருத்தினவென உணர்க என அப்பாடல் அறிவுறுத்துகிறது. தேவார மூவருக்கும் மாணிக்கவாசகருக்கும் பிற்பட்ட ஒருவராலேயே இப்பட்டியலைத் தர இயலும்.

பரணரையும் வெள்ளிவீதியையும் சுட்டும் புலவரும், திருவாசகத்தையும் திருமூலரையும் சுட்டும் புலவரும் வெவ்வேறு இலக்கிய உலகங்களில் வாழ்ந்தவர்கள். முன்னவருக்குப் புரவலனின் வாயிலும் போர்க்களமும் பாணர் மரபும் சூழலாகின்றன. பின்னவருக்குச் சைவத் திருமுறைகள் மதிப்பு வாய்ந்த நூல்களாக நிலைபெற்ற ஒரு சமூகம் சூழலாகிறது. இருவரையும் பிரிப்பதற்கு மொழிநடை பற்றிய ஐயத்திற்கிடமான வாதங்கள் தேவையில்லை. அவர்கள் தாமே சுட்டும் பெயர்கள் போதுமானவை.

இதே அளவுகோல் எண்ணிடும் முறையின் எல்லையையும் காட்டுகிறது. நல்வழிக்குக் கிட்டும் இச்சான்று ஆத்திசூடிக்கு இல்லை. அகரவரிசையில் அமைந்த ஓரடித் தொடர்களாலான ஆத்திசூடியும் வெண்பாக்களாலான நல்வழியும் ஒருவர் படைப்பே என்பது மரபின் கூற்று. நூல்களின் உட்சான்று அதனை நிறுவவில்லை. மூலாதாரம் முதலான யோகக் கருத்துகளைப் பேசும் விநாயகர் அகவலும், வீட்டுநெறிப்பால், திருவருட்பால், தன்பால் என முப்பிரிவுடைய ஔவை குறளும் பிறிதொரு தொகுதியாகின்றன. தனிப்பாடல்களோ கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் ஔவையோடு வாதிடச் செய்கின்றன. இவற்றிற்கெல்லாம் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஔவை என ஆளுக்கோர் எண் தருவது, நூல்தொகுதிகளை மனிதர்களாக மாற்றிவிடுகிறது. ஒன்றாக இணைத்த மரபு செய்த பிழையின் மறுபக்கமே இது.

கதைமரபின் வேலை

பிரிந்து நிற்கும் இத்தொகுதிகளைக் கதைமரபு எவ்வாறு இணைத்தது என்பது தனியே ஆராயத்தக்கது. புறநானூறு 91 அதியமான் சாதலை நீக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்ததைப் போற்றுகிறது. பாடலின் மையம் அரசனின் ஈகை. பின்னர் அக்கனி ஔவையின் நீண்ட ஆயுளுக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. சங்ககாலத்திற்கும் கம்பர் காலத்திற்கும் இடையேயுள்ள நீண்ட இடைவெளியைச் சங்கப் பாடல் ஒன்றைக் கொண்டே மரபு கடந்தது. காலமுரண்பாட்டை உணர்ந்து அதற்கு விளக்கம் தேடிய மரபாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

கபிலர் அகவல் மற்றொரு சான்று. உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, வள்ளுவர், அதிகமான், கபிலர் ஆகிய எழுவரும் உடன்பிறந்தோர் என்றும், வெவ்வேறு குலத்தாரிடம் வளர்ந்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது. இதனை வரலாறாகக் கொள்வார் இன்று இலர். எனினும் ஔவை பாணர் இல்லத்தில் வளர்ந்தாள் என அவ்வகவல் கூறுவது, விறலியாகப் பாடிய சங்கப் புலவரின் நினைவு கதைக்குள்ளும் எஞ்சியிருப்பதை உணர்த்துகிறது. புரவலனாகிய அதியமான் உடன்பிறப்பாக மாறியதும் அதே நினைவின் மறுவடிவமே. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் அகவலின் வாதத்திற்குப் பலரும் அறிந்த பெயர்கள் தேவைப்பட்டன. பெயர்கள் இணைக்கப்பட்டமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. ஒரு சமூகக் கருத்தை நிலைநாட்டும் நோக்கமும் உண்டு.

நக்கீரர் பெயரிலும் இத்தகைய நோக்கத்தைக் காணலாம். திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டின் முதற்பாட்டாகவும், பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனாரின் நூல்களுள் ஒன்றாகவும் இடம்பெறுகிறது. கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி, திருவலஞ்சுழி மும்மணிக்கோவை முதலிய பிற்காலச் சிற்றிலக்கிய வகைகளைச் சார்ந்த நூல்களும் அதே பெயரின்கீழ் வருகின்றன. சங்கப் பெயர் ஒன்று திருமுறைக்குள் வந்ததால் சைவ மரபு தன் தொன்மையைச் சங்கம்வரை நீட்டிக்கொள்ள முடிந்தது. எனினும் நக்கீரர் இணைப்பால் சங்க நக்கீரரின் தனித்தன்மை பெரிதும் மறையவில்லை. நெடுநல்வாடை அவருடையதாகவே பயிலப்படுகிறது. ஔவையாருக்கு நேர்ந்தது வேறு.

மறைந்த முகம்

புறநானூறு 1894இல் உ.வே.சாமிநாதையரால் அச்சேறியது. குறுந்தொகையும் நற்றிணையும் 1915இல் அச்சாயின. இவற்றுக்கு முன்னரே திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் மனப்பாடமாக ஓதப்பெற்று வந்தன. எனவே சங்கப் பாடல்கள் பொதுவெளிக்கு வந்தபோது ஔவை என்னும் பெயருக்கு உருவம் ஒன்று முன்னரே நிலைபெற்றிருந்தது. புதிதாகக் கிட்டிய பாடல்கள் அவ்வுருவத்தை மாற்றவில்லை, அதற்குள் அடக்கப்பட்டன. கே.பி.சுந்தராம்பாள் நடித்து 1953இல் வெளிவந்த ஔவையார் திரைப்படமும், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் மூதாட்டி உருவத்தையே மேலும் உறுதிசெய்தன.

இதன் விளைவு இலக்கிய வரலாற்றுக்கு இழப்பாகும். தலைவியின் காமத்தை ஒளிவின்றிப் பாடியவர், தொண்டைமானிடம் தூது சென்று அவன் படைக்கலக் கொட்டிலின் புதுமையைப் புகழ்வதுபோலப் பழித்தவர், அதியமான் இறந்தபின் அவன் ஈகையை நினைந்து கையறுநிலை பாடியவர், வெள்ளிவீதியைத் தம் முன்னோடியாகச் சுட்டியவர் என்னும் பன்முகங்கள் பாட்டி என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மங்கின. நீதிநூல்களை இயற்றியவருக்கும் இழப்பு உண்டு. சைவநூல்களையும் குறளையும் ஒருங்கே கற்று, அவற்றின் சாரத்தைச் சிறுவருக்கு ஓரடியில் தரும் கல்விமுறையை உருவாக்கிய பெரும்பணி, காலமும் சூழலும் அற்ற பழமொழித் திரட்டாகக் குறுகியது.

முடிவுரை

ஒரே பெயருடைய புலவர்களை ஆராய்வதில் மூன்று வினாக்கள் வேறுபடுத்தப்பட வேண்டும். நூல் எந்த இலக்கியச் சூழலை அறிந்திருக்கிறது என்பது முதல் வினா. இதற்கு உட்சான்று விடைதரும். மரபு அந்நூலை யாருக்கு உரியதாக்கியது என்பது இரண்டாவது. இதற்குத் தொகுப்புக் குறிப்புகளும் கதைகளும் சான்றாகும். ஏன் அவ்வாறு உரியதாக்கியது என்பது மூன்றாவது. இதற்குச் சமய, சமூக வரலாறு துணைபுரியும். முதல் வினாவிற்கு இரண்டாவதன் விடையைத் தருவதே இணைப்பு மரபின் குறை. மூன்றாம் வினாவை எழுப்பாமலே விடுவது எண்ணிடும் மரபின் குறை.

சங்க ஔவையார், நீதிநூல் ஔவையார், யோகநூல் ஔவையார், தனிப்பாடல் ஔவையார் எனத் தொகுதிவழிப் பெயரிடுதல் இப்போதைக்குப் பொருத்தமாகும். இப்பெயர்கள் நூல்தொகுதிகளைக் குறிப்பன. ஆட்களின் எண்ணிக்கையைக் கூறுவன அல்ல. புதிய சான்று கிட்டும்போது ஒரு தொகுதி இரண்டாகப் பிரியவும், இரண்டு ஒன்றாகவும் இம்முறை இடந்தரும். பாடத்திட்டங்களில் ஆத்திசூடியும் புறநானூற்றுப் பாடலும் ஒரே ஆசிரியர் குறிப்புடன் அச்சிடப்பெறும் நிலை மாறுவதற்கும் இப்பகுப்பு உதவும். பெயர் ஒன்றாயினும், அகநானூறு 147ஐ எழுதியவரும் நல்வழியை எழுதியவரும் தத்தம் காலத்தோடும் தத்தம் முன்னோடிகளோடும் கற்பிக்கப்பெறுதல் வேண்டும்.