நுழைவுத் தேர்வு நூல்களும் நன்னூலின் அளவுகோலும்

நல்ல நூல் எது, ஆகாத நூல் எது என்று பிரித்தறியும் முறையைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்து வைத்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும், அமைய வேண்டிய அழகுகள் பத்தையும் எண்ணிச் சொல்கிறது. காப்பியத்தையும் கட்டுரையையும் இவ்வளவுகோலால் அளப்போர் பலர். கடைகளில் மலையெனக் குவிந்து கிடக்கும் தேர்வு வழிகாட்டி நூல்களை இதனால் அளப்போர் மிகச் சிலரே. ஒரு நாவல் சுவையற்றிருப்பின் படிப்பவனுக்கு ஒரு மாலைப்பொழுது வீணாகும். ஒரு வழிகாட்டி நூல் பழுதுற்றிருப்பின் ஓர் இளைஞனின் ஓராண்டே வீணாகும். ஆதலின் திறனாய்வு பின்னதற்கே மிகுதியும் வேண்டப்படுவதாம்.

இங்கிலாந்தில் சட்டம் பயில விழையும் மலேசிய மாணவர் பலர் எழுத நேரும் ‘எல்நாட்’ என்னும் நுழைவுத் தேர்வை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இத்தேர்வை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சட்டப்படிப்பிற்கு வேண்டுகின்றன. இதில் இரண்டு பகுதிகள் உள. முதற்பகுதியில் 12 உரைப்பகுதிகளும் அவற்றையொட்டி 42 வினாக்களும் தரப்படும்; விடையளிக்க 95 நிமிடம். இரண்டாம் பகுதியில் மூன்று தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து 40 நிமிடத்தில் கட்டுரை எழுதுதல் வேண்டும். மதிப்பெண் முதற்பகுதிக்கே உண்டு. கட்டுரையோ, மாணவன் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களின் பார்வைக்குச் செல்லும். ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒருமுறைதான் இத்தேர்வை எழுத இயலும். தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

இத்தேர்வு சட்ட அறிவைச் சோதிப்பதன்று. ஒருவர் எழுதியதைப் படித்து, அவர் நாட்டும் கருத்து யாது, அதற்குக் காட்டும் காரணம் யாது, சொல்லாமலே கொண்டுள்ள எடுகோள் யாது என்று பகுத்துணரும் ஆற்றலையே சோதிக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு வழிகாட்டி நூல்களைப் புரட்டினால் அவற்றின் குணமும் குற்றமும் தாமே புலனாகும்.

முதற்குற்றம் மற்றொன்று விரித்தல். சட்ட நுழைவுத் தேர்வுக்கென ஒரு நூலை எடுத்தால், அதன் முற்பாதி முழுவதும் இலத்தீன் சட்டத்தொடர்களும் நீதிமன்றங்களின் வரலாறும் நிரம்பியிருப்பதைக் காணலாம். அவை அறியத்தக்கனவே. ஆயினும் தேர்வு கேட்பவை அவையல்ல. நூலின் பருமனைக் கண்டு மகிழும் பெற்றோர், அப்பருமனில் எத்தனை பக்கம் தேர்வுக்கு உரியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாங்குற்றம் நின்று பயனின்மை. நூல் அச்சில் நிற்கிறது. அது பேசும் தேர்வு மாறிவிட்டது. இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்வு 2020இல் உருமாறியது. அதற்கு முன்னர்த் தனித்தனி ஒருவரி வினாக்கள் மலிந்திருந்தன. அதன் பின்னர் உரைப்பகுதியைப் படித்து விடையளிக்கும் முறை வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்படும் ‘எல்சாட்’ தேர்விலிருந்து, தருக்க விளையாட்டுகள் என்று பேர்பெற்ற பகுதி 2024 ஆகஸ்டு முதல் நீக்கப்பட்டது. அப்பகுதிக்கென்றே எழுதப்பட்ட தடித்த நூல்கள் பல. எழுதிய காலத்தில் அவை சிறந்தனவாக இருந்திருக்கலாம். இன்று அவற்றை மலிவு விலைக்கு வாங்குவோன், இல்லாத வினாவுக்கு விடை தேடுவோனாவான். ஆகவே நூலின் அட்டையைப் பார்ப்பதற்கு முன் அதன் பதிப்பாண்டைப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது மயங்க வைத்தல். இதுவே கொடியது. உண்மை வினாக்களைப் போலத் தோன்றுமாறு அவசரத்தில் இயற்றப்பட்ட மாதிரி வினாக்கள் மாணவனின் அறிவைத் தெளிவிப்பதற்கு மாறாகக் குழப்புகின்றன. ஒரு வாதத்தைச் சான்றாகக் கொள்வோம்: ‘எங்கள் ஊர்ச் சாலைச் சந்திப்பில் விளக்கு அமைத்த ஆண்டு முதல் விபத்துகள் குறைந்தன, ஆதலின் எல்லாச் சந்திப்புகளிலும் விளக்கு அமைத்தல் வேண்டும்.’ இவ்வாதம் சொல்லாமற் கொண்டுள்ள எடுகோள் யாது என்பது வினா. ‘விபத்தால் உயிர்ச்சேதம் நேரும்’ என்பது ஒரு விடை. அஃது உண்மையே, எனினும் விளக்கால் விபத்து குறைந்தது என்பதற்கு அஃது ஆதாரமாகாது. ‘விளக்கு அமைத்தலுக்குச் செலவு மிகும்’ என்பது மற்றொரு விடை. அது வாதத்திற்கு எதிரானது. ‘விபத்துகள் குறைந்தமைக்கு விளக்கே காரணம்’ என்பது மூன்றாம் விடை. இதுவே வாதத்தைத் தாங்கும் தூண். அதே ஆண்டில் ஊருக்குப் புறத்தே புதிய சாலை திறக்கப்பட்டு வண்டிகள் அவ்வழியே திரும்பியிருந்தால், தூண் சரியும், வாதமும் சரியும்.

நல்ல நூல் இவ்விளக்கம் முழுவதையும் தரும். சரியான விடை ஏன் சரி என்பதோடு, ஏனைய விடைகள் எவ்வெவ்வாறு தவறின என்பதையும் காட்டும். ஆகாத நூல் ‘விடை: இ’ என்று அச்சிட்டு அடுத்த வினாவுக்குத் தாவிவிடும். அதில் ஆயிரம் வினா இருந்தாலும் மாணவன் கற்பது ஊகித்தல் ஒன்றையே.

அப்படியாயின் எதைத் தேர்ந்தெடுப்பது? தேர்வை நடத்துவோரே விலையின்றி இணையத்தில் வெளியிட்டுள்ள மாதிரித் தேர்வுகளே முதலிடம் பெறத்தக்கவை. வினா இயற்றுவோரின் கைப்போக்கை அவற்றைவிட நன்கு காட்டவல்ல நூல் பிறிதில்லை. அவை சிலவே ஆதலின் சிக்கனமாகக் கையாளுதல் வேண்டும். ஒன்றைத் தொடக்கத்தில் எழுதித் தன் குறையை அறிதல். ஒன்றை இறுதிக்கென்று தொடாமல் வைத்தல். இடைப்பட்டவற்றை நேரக் கட்டுப்பாடின்றி ஆய்ந்து, பிழைத்த வினாக்களை ஏட்டில் காரணத்தோடு குறித்தல். வேகம் பின்னர்ப் பழகத்தக்கது. 95 நிமிடத்தை 12ஆல் வகுத்தால், ஓர் உரைப்பகுதிக்கு எட்டு நிமிடமும் முழுமையாகக் கிட்டாது என்பதை மாணவன் அறிந்திருத்தல் நன்று. இவற்றோடு நல்ல ஆங்கில நாளேட்டின் தலையங்கம் நாளொன்றுக்கு ஒன்று படித்து, அதன் வாதத்தை மூன்று வரியில் எழுதப் பழகினால், விலைகொடுத்து வாங்கும் நூல்களுள் பல தேவையற்றுப் போகும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு பெரிது. பிறர் கொண்ட உரையை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணம் கூறி, தம் உரையை நிறுவும் முறையில் பரிமேலழகரும் சேனாவரையரும் கைதேர்ந்தவர்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வரைந்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் மறுத்துரைக்கிறார். அம்மறுப்பை மாணவன் வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பானாயின், கருத்து இது, காரணம் இது, எடுகோள் இது என்று காணும் கண் அவனுக்குத் திறக்கும். தேர்வு ஆங்கிலத்தில் நடப்பது. ஆங்கிலச் சொல்வளத்தைத் தமிழ் உரை தந்துவிடாது. அதற்கு ஆங்கிலப் படிப்பே வேண்டும். ஆயினும் வாதத்தை அலசும் பழக்கம் எம்மொழியில் வந்தாலும் பழக்கமே. உரையை மனப்பாடம் செய்வித்துத் தேர்வில் ஒப்பிக்கச் செய்யும் வகுப்பறையில் அது வராது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நகரத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தவறான நூல் வாய்த்தால் வேறொரு நூல் வரும். தனிப்பயிற்சி ஆசிரியரும் வருவார். பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கோ, குடும்பம் சேர்த்த பணத்தில் வாங்கிய அந்த ஒரு நூலே எல்லாம். அப்பெற்றோர் கடைக்குப் புறப்படுமுன் கேட்கும் ஒரே அறிவுரை பெரும்பாலும் பள்ளி ஆசிரியருடையதாகவே இருக்கும். அவ்வாசிரியர் நூலைக் கையில் வாங்கி நான்கு வினா எழுப்பினால் போதும்: எந்த ஆண்டுப் பதிப்பு? இன்றைய தேர்வு முறைக்கு ஒத்ததா? தவறான விடைகளுக்கும் விளக்கம் உண்டா? விலையின்றிக் கிடைப்பதையே இது விலைக்கு விற்கிறதா? இந்நான்கிற்கும் தக்க விடை தராத நூலைக் கடையிலேயே விட்டு வருமாறு துணிந்து கூறுதல் வேண்டும். நூலாய்வு என்பது புலவர் அவைக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஏழை வீட்டின் பணமும் ஒரு பிள்ளையின் ஓராண்டும் வீணாகாமற் காக்க வல்லதும் அதுவேயாம்.