கடைந்தவர் யார்? உண்டவர் யார்?

பாற்கடலைக் கடைந்த கதையை நம் நாட்டில் கேளாதார் இல்லை. இரு சாரார் கூடிக் கடைந்தனர்; அமுதம் எழுந்ததும் ஒரு சாரார்க்கே பரிமாறப்பட்டது; மற்றவர்க்கு மோகினியின் புன்னகைதான் மிச்சம்! புராணிகர் இதனைப் புண்ணியக் கதை என்பர். பகுத்தறிவு கொண்டு நோக்கும் நமக்கோ, உழைத்தவன் பங்கை உழைக்காதவன் உண்ட கணக்காகவே தோன்றுகிறது.

அந்தக் கடைதலையே பெயராகத் தாங்கி 1976-இல் வெளிவந்த இந்திப் படம் ‘மந்தன்’. இயக்கியவர் சியாம் பெனகல். 2024-இல் புதுப்பிக்கப்பெற்றுக் கான் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. தேவரும் அசுரரும் இதில் இல்லை. எருமையும் பாற்குடமும் கொழுப்பை அளக்கும் சோதனைக் குழாயும் உண்டு. படத்துக்குப் பணம் தந்தவர்கள், குசராத்தின் 5 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள். ஆளுக்கு 2 ரூபாய்! கறந்த கைகளே தம் கதைக்கு முதல் போட்டன.

அக்கதையின் வேர் கேடா மாவட்டத்தில் இருக்கிறது. பால், நெல்லன்று, குதிரில் கொட்டி, விலை ஏறும்வரை காத்திருக்க இயலாது. காலையில் கறந்ததை அன்றே விற்றாக வேண்டும். அந்த அவசரமே வாங்குவோனின் ஆயுதம். 1945-இல் பம்பாய் அரசு நகருக்குப் பால் வழங்கும் திட்டம் வகுத்தது. ஆனந்திலிருந்து பாலை அனுப்பும் உரிமை போல்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நகரத்தார்க்குப் பால் கிடைத்தது. நிறுவனத்துக்கு ஆதாயம் கிடைத்தது. தரகனும் தன் பங்கை எடுத்துக்கொண்டான். கறந்தவனுக்கு?

1946 சனவரி 4-ஆம் நாள் சமர்கா என்னும் சிற்றூரில் உழவர் கூடினர். எம் பாலை எம் கூட்டுறவே திரட்டும், அரசு எம்மிடமே வாங்கட்டும் என்றனர். பதினைந்து நாள் வணிகர்க்கு ஒரு சொட்டுப் பாலும் விற்கவில்லை. பம்பாய்த் திட்டம் ஆட்டங்கண்டது. பால் ஆணையர் ஆனந்துக்கே வந்து கோரிக்கையை ஏற்றார். அவ்வாண்டு திசம்பர் 14-இல், திரிபுவன்தாசு பட்டேல் தலைமையில், மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. பொறியாளர் வர்கீசு குரியன் ஆனந்துக்கு வந்தது 1949-இல்தான். அறிவியல் அறிந்தவர் வருமுன்பே உரிமை அறிந்தவர் எழுந்துவிட்டனர்!

இங்கேதான் படத்தின்மீது நமக்கு வழக்கு. மருத்துவர் ராவ் என்னும் பட்டணத்து அதிகாரி சிற்றூரில் வந்திறங்குவதில் கதை தொடங்குகிறது. விழிப்பு வெளியிலிருந்து வருவதாகவும், ஊரார் உறங்கிக் கிடப்பதாகவும் அது காட்டுகிறது. சமர்காவில் கூடியோரின் துணிவு திரையில் இல்லை. இரண்டு ரூபாய் தந்தவனை, தன் கதைக்குள்ளேயே இரண்டாம் ஆளாக நிறுத்துவது முறையா?

எனினும், படம் கண்ட ஓர் உண்மையை நாம் மனமாரப் போற்றுகிறோம். பால் விலைக்கு எதிரி தனியார் பால் பண்ணை முதலாளி மிசுரா மட்டுமல்லன், ஊர்த் தலைவரும்தான். கூட்டுறவுத் தேர்தலில் ஒடுக்கப்பட்டோர் வெல்கின்றனர். அவர்தம் குடிசைகள் எரிகின்றன. சோதனைக் குழாய்க்குக் கொழுப்புத் தெரியும். கொணர்ந்தவன் குலம் தெரியாது. சாதியைப் பாராத அளவுகோல் ஊருக்குள் வந்ததும், சாதியால் உயர்ந்தோர் நடுங்குகின்றனர். விலையும் சாதியும் இரு வேறு வழக்குகள் என்போர் இக்காட்சிகளைக் காணட்டும்!

பிந்து என்னும் பெண்ணாக சுமிதா பாட்டீல் வாழ்ந்து காட்டுகிறார். எருமையைப் பேணுபவள் அவள். பால் கறப்பவள் அவள். ஆயினும் எழுத்தறியாத அவளது கட்டைவிரல் ரேகையைப் பெற்றே, ராவின்மீது பொய்ப் பழி புனைகிறான் மிசுரா. எழுத்தறியாதாரின் விரல்கூட அவர்க்குச் சொந்தமில்லை என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது. ஆனால் அவ்விரலை மீட்கும் வழியை, அவளுக்கொரு பள்ளியை, சங்கத்தில் அவளுக்கோர் இருக்கையைப் படம் எண்ணவே இல்லை. இது பெருங்குறை.

முடிவில் ராவ் மாற்றப்படுகிறார். ஒடுக்கப்பட்டோரில் ஒருவனான போலா சங்கத்தைத் தொடர்ந்து நடத்துகிறான். தொடக்கத்தில் தவறிய நேர்மையைப் படம் முடிவில் எட்டிவிடுகிறது. மீட்பர் போவார், மக்கள் இருப்பர்.

தோழர்களே! இப்படத்தைக் காணுங்கள், கண்டபின் உங்கள் ஊர்ப் பால் நிலையத்துக்குச் செல்லுங்கள். அளப்பவர் யார், கணக்கெழுதுபவர் யார், கறந்தவர் அக்கணக்கைப் படிக்கவல்லரா என்று கேளுங்கள். நியாய விலை கருணையன்று, கடைந்தவனின் பங்கு. அதைப் பரிமாறும் அகப்பை கடைந்தவன் கையிலேயே இருக்கட்டும்!