உலாவிக்காரர்களின் சம்மதம்

புதிய வலைத் தரநிலையை வடிவமைக்கும் முன்பே உலாவி தயாரிப்பவர்களின் ஆதரவைப் பெற்றுவிட வேண்டும் என்பது இன்று ஏறக்குறைய சட்டம். எச்டிஎம்எல்லைப் பராமரிக்கும் வாட்விக் அமைப்பில், குறைந்தது இரண்டு உலாவி எஞ்சின்களின் (பக்கத்தைத் திரையில் வரையும் மென்பொருள்களின்) ஆதரவின்றிப் புதிய வசதி எதுவும் சேராது.

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2002 முதல் வெளியிட்ட எக்ஸ்எச்டிஎம்எல் 2 வரைவு, படிக்க அழகானது. அதில் எந்த உறுப்பையும் இணைப்பாக்கலாம். ஆனால் பழைய பக்கங்களோடு அது ஒத்துப்போகவில்லை. மூட மறந்த ஒரு டேக் போதும், பக்கம் வராது; பிழைச் செய்திதான் வரும். வலையில் இருந்த பக்கங்களில் பெரும்பாலானவை அப்படிப் பிழையோடு எழுதப்பட்டவை. அவற்றைக் காட்ட மறுக்கும் உலாவியை யார் வைத்துக்கொள்வார்கள்? எச்டிஎம்எல்லையே வளர்க்கலாம் என்று உலாவி தயாரிப்பாளர்களான மொசில்லாவும் ஓபராவும் 2004-இல் சொன்ன யோசனை டபிள்யூ3சி கூட்டத்தில் தோற்றது. ஆப்பிளைச் சேர்ந்தவர்களோடு கைகோத்து அவர்கள் தொடங்கியதுதான் வாட்விக். எக்ஸ்எச்டிஎம்எல் 2 குழுவை மூடும் முடிவு 2009-இல் வந்தது. திறமைசாலிகளின் ஏழாண்டு உழைப்பு அப்படியே வீணானது.

ஆகவே முன்கூட்டிக் கேட்பது நல்லதுதான். திரைக்கேற்ற படத்தைத் தேர்ந்தெடுக்கும் 'பிக்சர்' உறுப்பின் கதையும் இதையே காட்டுகிறது. வலை வடிவமைப்பாளர்கள் 2012-இல் முன்வைத்த வடிவம் எஞ்சின்காரர்களுக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தின் அமைப்பு முடிவாவதற்கு முன்பே உலாவி படங்களை இறக்கத் தொடங்கிவிடுகிறது. படம் எவ்வளவு அகலத்தில் வரும் என்பது அப்போது அதற்குத் தெரியாது. அந்த அகலத்தை எச்டிஎம்எல்லிலேயே சொல்லிவிடும் 'சைசஸ்' பண்பு பின்னால் சேர்ந்தது. எஞ்சினின் உள்ளே பார்த்தவர்கள் இல்லாமல் இந்தத் தீர்வு வந்திருக்காது.

ஆனால் அதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குரோமுக்குள் 'பிக்சர்' வர, வடிவமைப்பாளர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஒரு நிரலாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. 2014-இல் வசதி வந்தது. கணிதச் சமன்பாடுகளுக்கான மேத்எம்எல்லின் நிலை இன்னும் மோசம். 1998-இலேயே தரநிலையான அதை குரோம் 2013-இல் நீக்கியது. அதற்குக் காரணமாகச் சொன்ன பாதுகாப்பு, நிரலின் தரம் குறித்த கவலைகள் உண்மையானவைதான். அது திரும்பி வந்தது 2023-இல், அதுவும் இகாலியா என்ற ஸ்பானிய கூட்டுறவு நிறுவனத்தின் உழைப்பால். திரைவாசிப்பான் வழியே கணிதம் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் குரோமில் அதற்காகப் பத்தாண்டு காத்திருந்தார்கள். அவர்களின் தேவை சிறியதல்ல. அதைச் சொல்ல எஞ்சின் நிறுவனங்களுக்குள் போதிய ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் இந்த வழக்கம் பிசகுகிறது. 'இதை உருவாக்க முடியுமா' என்ற கேள்விக்கு எஞ்சின்காரர்களே தகுந்த நீதிபதிகள். 'இது யாருக்குத் தேவை' என்பதற்கு அவர்கள் பலரில் ஒருவர். இரண்டுக்கும் ஒரே கதவை வைத்துவிட்டோம். கதவுக்காரர்களும் குறைந்துவிட்டார்கள்: ஓபரா 2013-இலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020-இலும் கூகுளின் எஞ்சினுக்கு மாறியபின் மிஞ்சிய பெரிய எஞ்சின்கள் மூன்றே. 'இரண்டு பேரின் ஆதரவு' என்பது இப்போது மூவரில் இருவர்.

வடிவத்தைக் காட்டி ஒப்புதல் கேட்பதைவிட, சிக்கலை முதலில் முன்வைத்து அதற்குப் பதில் வாங்குவது மேல் என்பது என் கருத்து. மொசில்லாவும் ஆப்பிளின் எஞ்சினான வெப்கிட்டின் குழுவும் புதிய வசதிகள் பற்றிய தங்கள் நிலைப்பாடுகளைப் பொதுவில் பதிவதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பதிலே வராமல் கிடக்கும் கோரிக்கைகளும் அங்கே உண்டு. மறுப்பென்றால் காரணத்தோடு, குறித்த காலத்துக்குள் எழுத்தில் வர வேண்டும். 'ஆர்வமில்லை' என்ற ஒற்றை வரியைக் காரணமாக ஏற்கக் கூடாது.