வேலென் சரிவின் ரீஸ்லிங்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் வேலென் என்ற சிற்றூரில் ப்ரூம் குடும்பத்தார் பல நூற்றாண்டுகளாகத் திராட்சை பயிரிட்டு வருகிறார்கள். இன்று ஒயின் ரசிகர்கள் மரியாதையோடு பெயர் சொல்லும் யோகான் யோசப் ப்ரூம் ஒயினகம் அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை. 1911-இல் குடும்பச் சொத்து பாகம் பிரிக்கப்பட்டபோது, தம் பங்குக்கு வந்த நிலத்தைக் கொண்டு யோகான் யோசப் ப்ரூம் இதைத் தொடங்கினார். அவருடைய மகன் செபாஸ்டியன், 1920-இலிருந்தே தோட்டத்திலும் நிலவறையிலும் உழைத்து, இந்த ஒயினுக்கென்று ஒரு தனி நடையை உருவாக்கினார். 1969-இல் செபாஸ்டியன் காலமானதும் பொறுப்பு மன்ஃப்ரெட் ப்ரூமிடம் வந்தது. அவருக்குப் பின் மகள் காதரினா. தந்தையும் மகளும் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். இருவருமே செபாஸ்டியன் வகுத்த நடையை விட்டு விலகவில்லை.

ஊர் ஆற்றின் ஒரு கரையில் இருக்கிறது, தோட்டம் எதிர்க்கரையில் இருக்கிறது. தென்மேற்கு நோக்கிய அந்த மலைச்சரிவில் 1842-இல் யோடோக்குஸ் ப்ரூம் என்ற முன்னோர் ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். சரிவில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமும் வேலை முடியும் நேரமும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சொனனூர் என்ற தோட்டப்பெயர் அதிலிருந்து வந்ததுதான். அடுத்த ஊரான செல்டிங்கனிலும் அவர் இன்னொன்றை நிறுவினார்.

மோசல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 50 பாகை வட அட்சரேகையில் கிடக்கிறது. திராட்சை பழுக்கப் போதுமான வெப்பம் அரிதாகக் கிடைக்கும் இடம். அந்தக் குறையை நிலத்தின் அமைப்பே ஈடுகட்டுகிறது. சரிவு செங்குத்தாக இருப்பதால் தாழ்ந்து வரும் வெயில் நேராகக் கொடிமீது விழுகிறது. மண் என்று சொல்வதற்கு அங்கே அதிகம் இல்லை. டெவோனியன் காலத்து நீலச் சிலேட்டுக் கல் உடைந்து, தட்டுத் தட்டாகப் பரவிக் கிடக்கிறது. பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கல் இரவில் மெல்ல விட்டுக்கொடுக்கும். கீழே ஓடும் ஆறு பனியின் கடுமையைத் தணிக்கும். வேர் இடுக்குகளைத் தேடி ஆழமாக இறங்குகிறது. ஐரோப்பாவின் கொடிகளை அழித்த ஃபிலாக்ஸரா பூச்சியால் இந்தக் கல் நிலத்தில் எளிதாகப் பிழைக்க முடியவில்லை. அதனால்தான் ப்ரூம் தோட்டங்களில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் முதிய கொடிகள் பெருமளவில் இன்னும் காய்க்கின்றன.

இப்பகுதியின் பழைய முறைப்படி கொடிக்கு ஒரு கம்பம். இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் அதனோடு கட்டுவார்கள். எல்லாப் பக்கமும் காற்றும் வெயிலும் படும். எந்தத் திசையிலிருந்தும் ஆள் நின்று வேலை செய்யலாம். இயந்திரம் ஏற முடியாத இந்தச் சரிவில் கவாத்தும் அறுவடையும் கையால்தான் நடக்க வேண்டும். மோசல் ஒயின் விலையைப் பற்றிக் குறைபடுபவர்கள் இந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ப்ரூம் வளர்ப்பது ரீஸ்லிங் திராட்சை மட்டும். 1971-ஆம் ஆண்டின் ஜெர்மன் ஒயின் சட்டம் அறுவடையின்போது சாற்றில் உள்ள சர்க்கரையை வைத்துத் தரம் பிரிக்கிறது. அளவுகோல் எக்ஸ்லே பாகை: ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடை என்பதே அந்த எண். காபினெட் முதல் படி, அடுத்தது தாமதமாகப் பறிக்கும் ஸ்பேட்லேஸ, அதற்கும் மேலே தேர்ந்தெடுத்த குலைகளின் அவுஸ்லேஸ. பூஞ்சை படிந்து வற்றிச் சுருங்கிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்யும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸவுக்கு மோசலில் குறைந்தது 150 பாகை வேண்டும். இது எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. ஒரே படிக்குள்ளும் சிறந்த அவுஸ்லேஸவைப் பிரித்துக்காட்ட, தங்க நிற மூடி போடுவது ப்ரூம் வீட்டு வழக்கம்.

நிலவறையில் நடப்பது மிகக் குறைவு, செபாஸ்டியனின் மேதைமை அதில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. இயல்பாக உள்ள ஈஸ்டே குளிர்ந்த அறையில் சாற்றை மெதுவாக நொதிக்க வைக்கிறது. நொதித்தல் முழுதாக முடியாமல் நிற்பதால் இயற்கைச் சர்க்கரையில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நொதித்தலில் பிறந்த கரியமில வாயு சிறிது உள்ளேயே நின்று, ஒயினைப் பாதுகாக்கிறது.

புதிதாக வந்த காபினெட் புட்டியைத் திறந்து ஊற்றினால் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். முதல் வாசனை பலரைத் திடுக்கிட வைக்கும்: தீக்குச்சி உரசியது போன்ற கந்தக நெடி, ஈஸ்ட் வாடை. கெட்டுப்போனது என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது. சற்று நேரம் காற்றாட விட்டால் நெடி விலகி, வெள்ளைப் பீச்சும் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் ஈரக் கல்லும் எழுந்து வரும். நாக்கில் முதலில் தித்திப்பு, உடனே புளிப்பு. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் எதுவும் திகட்டுவதில்லை. விழுங்கிய பின்னும் சுவை நெடுநேரம் நீள்கிறது, வாயோ சுத்தமாக இருக்கிறது.

தோட்டத்துக்குத் தோட்டம் குணம் மாறுகிறது. பக்கத்து ஊரான கிராகின் ஹிம்மல்ரைஷில் மண் சற்று ஆழம், ஒயின் துடிப்பும் மூலிகை மணமும் கொண்டது. வேலென் சொனனூர் மென்மையும் செறிவும் கூடியது. நெடுநாள் தாங்குவதும் அதுதான். பாகப்பிரிவினைகளால் இந்தத் தோட்டம் பல குடும்பங்களிடம் துண்டு துண்டாக இருக்கிறது. ஆகவே லேபிளில் தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, செய்தவர் பெயரையும் பார்க்க வேண்டும்.

பத்து ஆண்டு கடந்த ஸ்பேட்லேஸவில் தித்திப்பு அடங்கியதுபோல் தோன்றும். சர்க்கரை குறைந்துவிடுவதில்லை, அது மற்ற சுவைகளுக்குள் கரைந்துவிடுகிறது. தேனும் உலர்பழமும், முதிர்ந்த ரீஸ்லிங்குக்கே உரிய லேசான பெட்ரோல் வாசமும் சேர்கின்றன. 1949, 1959, 1971 ஆகிய ஆண்டுகளின் ப்ரூம் ஒயின்கள் ரசிகர்களிடையே இன்றும் பேசப்படுகின்றன. அவுஸ்லேஸ ஏலங்களில் பெரும் விலைக்குப் போகலாம். ஆனால் இந்தக் குடும்பத்தின் கைவண்ணத்தை முழுதாகக் காட்டுவது ஸ்பேட்லேஸதான். வாங்குபவர்கள் அவசரப்படாமல் அதைக் குளிர்ந்த இருட்டறையில் பத்தாண்டு படுக்க வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.