குடும்பனுக்கு மாட்டிய தொழுமரம்

எம்.ஏ. வகுப்பில் முக்கூடற்பள்ளு நடத்தினார்கள். ஆற்றில் வெள்ளம் வருகிற அழகு, நெல் வகை, மீன் வகை, மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்வது. தேர்வுக்கு இவ்வளவுதான். குடும்பனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டுகிற இடம் வந்தபோது ஆசிரியர் 'நகைச்சுவை' என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிற்றாறு தாமிரபரணியோடு கூடுகிற சீவலப்பேரிப் பக்கத்துக் கதை. அழகக் குடும்பன் பண்ணை வேலையைக் கவனிக்காமல் மருதூர் இளையவளோடேயே இருக்கிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் போய் முறையிடுகிறாள். அவன் குடும்பனைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கிறான். பிறகு மூத்தவளே கெஞ்சி மீட்டுக்கொண்டு வருகிறாள். மீண்டு வந்து உழப் போனவனை மாடு முட்டிச் சாய்க்கிறது.

வகுப்பில் இதைச் சக்களத்திச் சண்டை என்று முடித்துவிட்டார்கள். நான் கேட்கிறேன்: ஒருத்தன் தன் பெண்டாட்டி வீட்டில் கிடந்தால் அவன் காலை மரத்தில் மாட்ட பண்ணைக்காரன் யார்? சக்களத்திச் சண்டையில் அவனுக்கு என்ன அக்கறை? அவன் கண்ணில் குற்றம் ஒன்றுதான். வேலைக்கு வரவேண்டிய உடம்பு வரவில்லை. குடும்பனின் பகலும் பொழுதும் பண்ணைக்குச் சொந்தம். அதில் ஒரு நாளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால் திருட்டு. பண்ணைக்காரனையும் நூல் கேலி செய்யாமல் விடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேலி அவன் கோலத்தோடு நின்றுபோகிறது. அவன் சும்மா இருப்பதற்கு எந்த மரமும் கிடையாது.

எங்க அம்மை நடவுக்குப் போனவள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பாள். பாதிக் கஞ்சி உள்ளே போகுமுன் மேட்டிலிருந்து சத்தம் வரும்: 'என்னட்டி, விருந்துக்கா வந்திருக்கிய?' அம்மை எழுந்துவிடுவாள். 'இடுப்பு வலிச்சா ஒரு தடவ நிமிந்து பாத்துக்கிடுவோம்ல, அதான் எங்களுக்கு ஓய்வு' என்பாள். தொழுமரம் போய்விட்டது. அந்தச் சத்தம் போகவில்லை.

இப்போது புதிதாக ஒன்று பேசுகிறார்கள். ஓய்வு கொடுத்தால் உற்பத்தி பெருகுமாம். முதலாளிகள் பேசட்டும். நம்ம சங்கத் தோழர்களும் கோரிக்கை மனுவில் இதையே எழுதுகிறார்கள். களைத்த கை ஓடாது, தூங்கி எழுந்த கை ஓடும், நான் மறுக்கவில்லை. ஆனால் இது மாடு வைத்திருக்கிறவன் நியாயம். உச்சி வெயிலில் ஏர்மாட்டையும்தான் அவிழ்த்துவிடுகிறான், மறுபடி பூட்டவேண்டுமே என்று. உற்பத்திக்காகத்தான் ஓய்வு என்று நாமே எழுதிக் கொடுத்தால், உற்பத்தி குறையாதவரைக்கும் ஓய்வைப் பறிக்கலாம் என்பதற்கும் நாமே கையெழுத்துப் போட்டதாகிறது.

அம்பேத்கர் இப்படிப் பேசவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் அவர் எழுதிய நூலில், இயந்திரம் வேண்டும் என்று வாதாடுகிறார். எதற்கு? மனுசன் விலங்கு மாதிரி பாடுபட்டே சாகாமல் இருக்க. அவனுக்கு ஓய்வு கிடைக்க. அந்த ஓய்வில் பண்பாட்டு வாழ்க்கை பிறக்க. மறுநாள் வேலைக்குத் தெம்பு வரும் என்று அவர் கணக்குப் போடவில்லை. அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான் 1945இல் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. ஆண்டு முழுக்க ஓடுகிற ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த உச்சவரம்பு 1946இல் 48 ஆனது. அந்தச் சட்டங்கள் ஆலைகளுக்கானவை. அம்மை குனிந்து நின்ற வயலுக்கு அவை வரவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் போடவேண்டியிருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! அதே சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் ஆலை வேலை நேரத்தை 12 மணி வரைக்கும் நீட்ட வழிசெய்யும் மசோதாவும் நிறைவேறியது. நாலு நாள் உழைத்தால் மூணு நாள் ஓய்வு என்று சமாதானம் சொன்னார்கள். சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. ஓய்வின் பேரைச் சொல்லியே எட்டு மணி நேரத்தில் கைவைக்க முடியும் என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

பள்ளு படிக்கிற மாணவர்கள் அந்தத் தொழு இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஆசிரியர் நகைச்சுவை என்றால், யாருக்கு என்று எழுந்து கேளுங்கள்.

ஒன்று நமக்கும் சேர்த்து. குடும்பன் சும்மா இருந்த அந்த மருதூர் வீட்டில் உலை வைத்தது யார்? அவள் எப்போது உட்கார்ந்தாள்? நூலும் கேட்கவில்லை, இவ்வளவு நேரம் நானும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் 'ஒரு டீ போடு' என்று சொல்லும்போது தோழர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.