கொத்தனாருக்கு எந்தப் படம்? ரெவிட்டின் பிரௌசரை முன்வைத்து

கட்டட வரைவு மென்பொருளான ரெவிட்டைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் முப்பரிமாணக் காட்சியைத்தான் முதலில் புகழ்கிறார்கள். பாளையங்கோட்டையில் வீடுகளுக்கு வரைபடம் போடும் சிறிய அலுவலகத்துக்கு அதைவிடப் பெரிய பயன், திரையின் ஓரத்தில் இருக்கும் ப்ராஜெக்ட் பிரௌசர். ஒரே மாடலிலிருந்து எடுத்த தளப் படம், வெட்டுப் படம், முகப்புப் படம் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. ஆனால் நிறுவியதும் கிடைக்கும் வரிசை, படம் என்ன வகை என்று பார்க்கிறதே தவிர யாருக்கு என்று பார்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதிக்குப் போகும் பிளானும், கொத்தனாருக்கான வொர்க்கிங் டிராயிங்கும், எலக்ட்ரீஷியனின் படமும் ஒரே தலைப்பின்கீழ் கலந்து கிடக்கும். நகலெடுத்தால் பெயரில் ‘காப்பி 1’ ஒட்டிக்கொள்ளும். அனுமதிக்குப் போனது எது என்று பிறகு பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. படங்களுக்கு ‘யாருக்கு’ என்றொரு பாராமீட்டர் சேர்த்து, பிரௌசரை அதன்படி பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வியூ டெம்ப்ளேட்டைப் பூட்டிவிட்டால், அளவுகோலும் காட்ட வேண்டியதும் மறைக்க வேண்டியதும் ஒரே இடத்தில் அடங்கிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்துத் திருநெல்வேலியின் சிந்துபூந்துறையிலும் கொக்கிரகுளத்திலும் புகுந்த பிறகு, ஆற்றோரம் கட்டுபவர் பேஸ்மட்டத்தின் உயரத்தை யோசிக்காமல் இருக்க முடியாது. அந்த இடத்தில் வெள்ளம் நின்ற மட்டத்தை ரெவிட்டில் ஒரு லெவலாக வரைந்தால் வெட்டுப் படங்களிலும் முகப்புகளிலும் அது தானாகவே தெரியும். அப்போது ‘மேக் பிளான் வியூ’ தேர்வை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் யாருக்கும் தேவையில்லாத தளப் படமொன்று பட்டியலில் சேரும். பேஸ்மட்டத்தை உயர்த்தினால் படியும் சாய்தளமும் வாசலும் எல்லாப் படங்களிலும் சேர்ந்து மாற வேண்டும். கொத்தனார் கையில் பழைய தாள் இருந்தால் கான்கிரீட் தவறான உயரத்தில் இறுகிவிடும் என்பதால்தான் இந்த அடுக்குமுறையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு, ஆட்டோகேடும் ஒழுங்கான ஃபோல்டர்களும் போதாதா என்று கேட்கலாம். ஒருவரே வரைந்து, ஒருவரே தளத்தில் நின்று பார்க்கும் வேலைக்குப் போதும்தான். ஆண்டுச் சந்தாவும் சிறு அலுவலகத்துக்குப் பாரம்தான். ஆனால் ஃபோல்டர் கோப்பைப் பிரிக்குமே ஒழிய, ஒரு சுவர் நகர்ந்ததை நான்கு கோப்புகளுக்கும் சொல்லாது. படங்களைப் பிரிப்பதில் ஆர்க்கிகேட் என்ற மென்பொருள் இன்னும் தெளிவு: மாடலுக்கு ஒரு பட்டியல், சேமித்த படங்களுக்கு ஒன்று, தாள்களுக்கு ஒன்று, வெளியே அனுப்புவதற்கு ஒன்று என்று நான்காகப் பிரித்தே தருகிறது. ரெவிட்டில் அந்தப் பிரிவை நாமே கட்ட வேண்டியிருப்பது குறைதான்.

படங்களைப் பிரிக்கச் சொன்னேன்; கோப்புகளில் என் பரிந்துரை நேர்மாறானது: ஒரு வீட்டைப் பல கோப்புகளாக உடைக்காதீர்கள். ரெட்டியார்பட்டியின் பொருநை அருங்காட்சியகம் போல ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று தனித்தனிக் கட்டடங்கள் கொண்ட வளாகத்துக்கு லிங்க் செய்த கோப்புகள் பொருந்தும். மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஒரே கோப்பு. சேமிக்கும்போது உருவாகும் 0001, 0002 பிரதிகள் காப்புக்கு மட்டுமே, அவற்றை யாருக்கும் அனுப்பக் கூடாது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது என்பதால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எந்த ஆண்டுப் பதிப்பு வைத்திருக்கிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் பி.டி.எஃப்., ஐ.எஃப்.சி. வடிவங்களில் ஒரு பிரதி எடுத்து வைத்தால், சந்தா நின்ற பிறகும் அந்த வீட்டுக்கு மாடி எடுக்க வருபவருக்குப் படம் கிடைக்கும்.