சூடறிந்து சுழலும் விசிறி

சுத்துக்கேணியில் சித்திரை வெயில் மாடித் தளத்தைச் சுடும் மதியத்தில், கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன விசிறிக்குக் காது கொடுங்கள். மனு ஒன்றைத் தட்டச்சு செய்யும்போது அது இருப்பதே தெரியாது. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டத் தொடங்கியதும் மெல்ல ரீங்கரிக்கும். வேலை முடிந்ததும் படிப்படியாக அடங்கும். பிராசஸருக்குள்ளேயே உள்ள வெப்ப உணரி சூட்டைச் சொல்ல, மதர்போர்டு விசிறியின் நான்காவது கம்பி வழியே வேகத்தைக் குறிக்கிறது. நொடிக்குச் சுமார் 25,000 முறை துடிக்கும் அந்தக் கட்டளை நம் காதுக்கு எட்டாது.

ஒரு டிகிரி ஏறியதும் பதறாமல், சற்றுப் பொறுத்து வேகம் கூட்டுவதில்தான் அழகே இருக்கிறது. உலை பொங்குமுன் தீயைத் தணிக்கும் கையின் பக்குவம் அது. அறுப்புக் காலத் தூசு இறக்கைகளில் படிந்தால் இந்த நிதானம் கெடும். அவ்வப்போது பெட்டியைத் திறந்து துடைத்துவிடுங்கள்.